கைதான் போட்டது

"நான் போடவில்லை டீச்சர், கைதான் போட்டது."

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாகச் சத்துணவுத் தட்டு கீழே விழுந்திருந்தது. முட்டை உருண்டு வாசற்படியில் போய் நின்றது. நான்காம் வகுப்புப் பையனுக்கு இவ்வளவு வாயா என்றுதான் எனக்குத் தோன்றியது. "அப்படியானால் இன்றைக்கு உன் கைக்குச் சோறு கிடையாது" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். உடனே வேறு தட்டில் போட்டுக் கொடுத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும் என்று ஏனோ தோன்றுகிறது.

இரட்டைக்கோடு நோட்டில் ஜூன் மாதத்து எழுத்து குண்டு குண்டாக இருக்கும். ஆகஸ்டில் வரிக்கு ஓரிடத்தில் பென்சில் வெட்டி இழுத்த கீறல். கீழே சிவப்பு மையில் 'கவனம் தேவை' என்று நான். வீட்டுக்கும் போனேன். மடியில் சொளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அவன் அம்மா, தலை நிமிராமல், "அடித்துத் திருத்துங்கள் டீச்சர்" என்றாள். நல்லவேளை, அடிக்கவில்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவன் மூளை அலையைப் பதிவு செய்து, முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்கள். சின்னதில் மணல்வாரி, அதாவது தட்டம்மை, போட்டதா என்று டாக்டர் கேட்டாராம். எட்டு மாதத்தில் போட்டிருக்கிறது. வேப்பிலை கட்டி, மூன்று தண்ணீர் ஊற்றி, எல்லாம் முறையாகத்தான் செய்திருக்கிறார்கள். அம்மை இறங்கிவிட்டது, கிருமி மட்டும் மூளையிலேயே தங்கி, எட்டு வருடம் கழித்துக் கையைத் தூக்கிப் போடுகிறது. இரண்டு வயதுக்குள் மணல்வாரி வந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த அபாயம் அதிகமாம்.

ஒன்பது மாதம் ஆனால்தான் தட்டம்மைக்கு முதல் ஊசி. அதுவரை குழந்தைக்குக் காவல், சுற்றியிருக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான். 2017 பிப்ரவரியில் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட வந்தபோது, வாட்ஸ்அப் புரளியில் பயந்து வந்த பெற்றோரிடம் "அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள்" என்று சொன்னவள் நான். எனக்கு எதற்கு வம்பு என்றுதான். அந்த ஆடியில்தான் இவனுக்கு அம்மை. யாரிடமிருந்து தொற்றியதோ, திருவிழாக் கூட்டத்தில் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள்.

முன்பே கண்டுபிடித்திருந்தாலும் முழுதாகக் குணப்படுத்த மருந்து இல்லை என்கிறார்கள். கேட்டதும் ஆறுதலாக இருந்தது. எதற்கு ஆறுதல் என்று பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

போன வாரம் இன்னொரு பையன் தட்டைப் போட்டுவிட்டான். ஓடிப்போய் அவன் இரண்டு கைகளையும் பிடித்து நீட்டச் சொன்னேன். பயந்துவிட்டான். "வேண்டுமென்றேதான் போட்டேன் டீச்சர், இனிமேல் போட மாட்டேன்" என்றான்.