அழித்துவிட்டோம் என்று சொன்ன பிறகு

சில வருடங்களுக்கு முன் ஒரு மொபைல் ஆப் நிறுவனத்தில் பேக்எண்ட் வேலையில் இருந்தேன், அதாவது திரைக்குப் பின்னால் தகவல்களைக் கையாளும் பகுதியில். ஒரு நாள் சப்போர்ட் டீமிலிருந்து ஒரு டிக்கெட், அதாவது பயனாளர் புகார், வந்தது. கணக்கை அழித்து நான்கு மாதம் ஆகிறது, இன்று உங்களிடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்திருக்கிறது, என் பிறந்த தேதி உங்களிடம் இன்னும் எப்படி இருக்கிறது என்று ஒரு பெண்மணி கேட்டிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை.

டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். பெயர், போன் நம்பர், பிறந்த தேதி எல்லாம் அப்படியே இருந்தன. 'கணக்கை அழி' பட்டனை அழுத்தினால் ஒரு ஃபீல்டில் 0 இருந்த இடத்தில் 1 விழும், அவ்வளவுதான். ஆப் அந்த 1-ஐப் பார்த்துக் கணக்கைக் காட்டாது. வாழ்த்து அனுப்பும் புரோகிராம் அதைப் பார்க்கவே இல்லை. இந்தத் துறையில் பலரும் இப்படித்தான் வைப்பார்கள், காரணமும் உண்டு: தவறி அழித்தவர்கள் திரும்பக் கேட்பார்கள், பழைய பில் விவரங்கள் தேவைப்படும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் திரையில் நாங்கள் போட்டிருந்தது 'உங்கள் தகவல்கள் நிரந்தரமாக அழிக்கப்பட்டன' என்று. அது பொய். அந்த டீமில் நானும் இருந்தேன்.

வாழ்த்து மெயிலை மட்டும் நிறுத்தினால் போதும் என்றார் மேனேஜர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐரோப்பாவில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, தன் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் அனுமதி கிடைத்தது. அப்புறம் தேட ஆரம்பித்தோம். அந்தப் பெண்மணியின் ஒரே போன் நம்பர் ஏழு இடங்களில் இருந்தது: ஆப்பில் நடப்பதைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைல்கள், பேக்கப், பயன்பாட்டை அலசும் அனலிடிக்ஸ், மெயில் அனுப்பித் தரும் வெளி நிறுவனம் என்று போய்க்கொண்டே இருந்தது.

பெரிய நிறுவனங்களின் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த டிக்கெட்தான் நினைவுக்கு வரும். கணக்குப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய போன் நம்பர்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாக எழுந்த வழக்கில், ட்விட்டர் 2022-இல் 15 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் குழந்தைகள் அலெக்ஸாவிடம் பேசியதன் எழுத்துப் பிரதிகளை வைத்திருந்ததாக அமேசான் மீது குற்றச்சாட்டு வந்தது; 2023-இல் 2.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஹேக்கர் திருடினால்கூட மக்கள் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். நம்பிக் கொடுத்ததை, கொடுத்த காரணத்தைத் தாண்டி, வாங்கியவரே எடுத்துக்கொண்டார் என்று தெரியும்போது மனசு விட்டுப்போகிறது.

வேலை முடிய ஆறு வாரம் ஆனது. எது எங்கே இருந்தது, எதை அழித்தோம் என்று அந்தப் பெண்மணிக்கு விவரமாக எழுதினேன். திரை வாசகத்தையும் மாற்றினோம்: 'உங்கள் கணக்கு இப்போதே மூடப்படும். பேக்கப்பில் உள்ள பிரதிகள் 30 நாட்களில் அழியும். பில் விவரங்களைச் சட்டப்படி வைத்திருப்போம்.' டிசைன் டீம் நீளமாக இருக்கிறது என்றது. நீளமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.