கிராண்ட்ல மிச்சம் பிடிக்கறதா, கிராண்டையே அனுப்பாம விடறதா

எந்தப் போன் எப்போ எங்க அனுப்பணும்னு டவர் பக்கம் முடிவு பண்ற அப்லிங்க் ஸ்கெட்யூலர் எழுதறவங்க கிட்ட ஒரு விசித்திரமான புகார் அடிக்கடி வரும், ரேடியோல பாதி இடம் சும்மா கிடக்கு ஆனா போன்ல அப்லோட் நகரவே மாட்டேங்குதுன்னு. நாங்க டெஸ்ட் பண்ணிட்டிருந்த 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ செல்லுலயும் இதே கதைதான். மொத்தம் 100 ரிசோர்ஸ் பிளாக் (அலைவரிசையை வெட்டின துண்டுகள்), அதுல பாதிகூட நிரம்பல, லாக்கைத் திறந்தா வரிசையா ஒரே வரி: சிசிஇ கிடைக்கல, சிசிஇ கிடைக்கல. டேட்டாவுக்கு இடம் இருக்கு, "நீ இங்க அனுப்பு"ன்னு போனுக்குச் சொல்றதுக்குத்தான் இடம் இல்ல. அப்படிச் சொல்ற மெசேஜ்தான் கிராண்ட், அது போற கன்ட்ரோல் சேனல் துண்டுதான் சிசிஇ.

டெஸ்ட் டீம்ல இருந்த தம்பி ஒருத்தர் கேட்டார், "அண்ணே, அந்த கிராண்ட் மெசேஜை இன்னும் கொஞ்சம் சுருக்க முடியாதா?" நியாயமான கேள்விதான், ஆனா அதுல ஏற்கனவே நல்லா பிழிஞ்சு எடுத்துட்டாங்க. 100 பிளாக்ல எதெல்லாம் உனக்குன்னு ஒண்ணொண்ணா டிக் போட்டுக் காட்டினா 100 பிட் ஆகும். எல்டிஇ அப்லிங்க்ல சிங்கிள் கேரியர் மாதிரி அனுப்பணும், அப்பதான் போனோட பவர் ஆம்ப்ளிஃபயர் திணறாது, அதனால பிளாக்குகள் பக்கத்து பக்கத்துல ஒட்டியே இருக்கணும்னு முதல்லயே கட்டாயம். அப்போ எங்க ஆரம்பம், எவ்வளவு நீளம், இது ரெண்டும் சொன்னா போதும். அந்த மாதிரி ஜோடி மொத்தம் 5050தான், 13 பிட்ல அடங்கிடும்.

அந்த ஜோடியை ஒரே நம்பராக்கற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 20ஆவது பிளாக்ல ஆரம்பிச்சு 10 பிளாக் வேணும்னா, நீளத்துல ஒண்ணு கழிச்சு 100ஆல பெருக்கி ஆரம்பத்தைக் கூட்டு, 920. நீளம் பாதியைத் தாண்டிப் போச்சுன்னா கணக்கைத் திருப்பிப் போடுவாங்க: 5ல ஆரம்பிச்சு 80 பிளாக்னா 2194. போன் அதை வாங்கி முதல்ல சாதாரணமாவே பிரிச்சுப் பார்க்கும், 94ல ஆரம்பிச்சு 22 பிளாக்னு வரும், கூட்டினா 116, இருக்கறதே 100தானே, அப்போ இது திருப்பிப் போட்ட நம்பர்னு அதுக்கே தெரிஞ்சிடும். எந்தப் பக்கம்னு சொல்ல தனியா ஒரு பிட்கூட வேண்டாம். ரிலீஸ் 10ல ரெண்டு துண்டா பிரிச்சுக் கொடுக்கலாம்னு வந்தப்போ 14 பிட் தேவைப்பட்டுச்சு, அதுக்கும் மெசேஜை நீட்டல, ஹாப்பிங்குக்குன்னு (அலைவரிசை தாவறதுக்கு) இருந்த ஒரு பிட்டைக் கடன் வாங்கி சமாளிச்சுட்டாங்க. பதிலுக்கு நாலு நாலு பிளாக் சேர்ந்த குரூப்பாத்தான் கொடுக்க முடியும்.

சரி, 13ஐ 11 ஆக்கினா என்ன லாபம்? அனேகமா ஒண்ணுமில்ல. இதை நம்ப வைக்கத்தான் நான் மீட்டிங்ல அதிகமா தொண்டை கிழியப் பேசியிருப்பேன். முழு மெசேஜும் 28 பிட், பிழை இருக்கான்னு பார்க்கற சிஆர்சி 16, ஆக 44. ஒரு சிசிஇல 72 பிட் போகும். சிக்னல் நல்லா இருக்கற போனுக்கு ஒரு சிசிஇ போதும், செல்லோட ஓரத்துல இருக்கறவருக்கு 8 சிசிஇல அதே 44 பிட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பணும். 1, 2, 4, 8ன்னுதான் கொடுக்க முடியும், ரெண்டு பிட் குறைச்சா 8ங்கறது ஏழரை ஆகாது. கன்ட்ரோலுக்கு மூணு சிம்பல் (நேரத் துண்டு) கொடுத்தாக்கூட செல்லுல 80 சொச்சம் சிசிஇதான் தேறும், அதுலதான் டவுன்லிங்கும் பங்கு கேட்கும், ஓரத்து ஆள் பத்து பேர் ஒரே மில்லிசெகண்ட்ல வந்தா முடிஞ்சது கதை. 100 பிட் பிட்மேப் போட்டிருந்தா ஒரு சிசிஇல நுழையவே நுழையாது, அதனால முதல்ல பண்ண சுருக்கம் நிஜமான லாபம். அதுக்கு மேல சுரண்டறது பேப்பர்ல எழுத நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

எங்க லாக்ல சிசிஇயைத் தின்னுட்டிருந்தது வோல்ட்டிஇ கால்கள், அதாவது எல்டிஇ வழியா போற வாய்ஸ் கால்கள். பேசறப்போ 20 மில்லிசெகண்டுக்கு ஒரு குட்டி பாக்கெட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிராண்ட், ஓரத்து ஆளா இருந்தா ஒவ்வொரு தடவையும் 8 சிசிஇ. அனுப்பற டேட்டா ரெண்டு மூணு பிளாக்தான், அதைச் சொல்ற செலவுதான் கட்டுப்படியாகல. இதுக்கு செமி பெர்சிஸ்டன்ட் ஷெட்யூலிங் ரிலீஸ் 8லயே இருக்கு, ஆக்டிவேஷன் கிராண்ட்ல ஒரு தடவை சொல்லிட்டா போன் அதே இடத்துல 20 மில்லிசெகண்டுக்கு ஒருக்கா தானே அனுப்பிட்டே இருக்கும். 5ஜில கான்ஃபிகர்ட் கிராண்ட்னு வந்திருக்கறதும் இதே வழிதான், அதுல டைப் 1க்கு ஆக்டிவேஷன் கிராண்டும் கிடையாது, ஆர்ஆர்சி செட்டப் மெசேஜ்லயே எல்லாம் சொல்லி முடிச்சிடுவாங்க.

ஆனா இதுல வேற தலைவலி. ஆக்டிவேஷன் கிராண்ட் போனுக்குப் போய்ச் சேரலைன்னா நாம இடத்தை ஒதுக்கி வச்சிட்டு காத்துட்டிருப்போம், அதனால முதல் ரெண்டு மூணு தடவை அங்க ஏதாவது பவர் வருதான்னு பார்த்துட்டு வரலைன்னா மறுபடி அனுப்பற லாஜிக் வேணும். வேணாம்னு நிறுத்தறதுக்கும் தனி மெசேஜ் கிடையாது, அந்த 13 பிட்டையும் மத்த சில ஃபீல்டையும் குறிப்பிட்ட மாதிரி நிரப்பி அனுப்பறதுதான், எல்லாமே 1னா 8191, 5050 ஜோடிக்குள்ள அப்படி ஒண்ணு இல்லவே இல்லையே, அதனால குழப்பம் வராது. மிச்சமான நம்பரை வீணாக்காம வச்சிருக்காங்க பாருங்க!

எங்க ஸ்கெட்யூலர்ல கடைசியா வச்ச விதி, 4 அல்லது 8 சிசிஇ தேவைப்படற வோல்ட்டிஇ ஆளுக்கு மட்டும் செமி பெர்சிஸ்டன்ட், கிட்ட இருக்கறவங்களுக்கு வழக்கம்போல ஒவ்வொரு தடவையும் கிராண்ட். ஓரத்து ஆளோட சேனல் மாறினா பழைய எம்சிஎஸ்லயே (மாடுலேஷன், கோடிங் அளவு) மாட்டிக்குவார்தான், ரீட்ரான்ஸ்மிஷனை வேற இடத்துக்கு மாத்தணும்னா கிராண்ட் அனுப்பியே ஆகணும், ஆனாலும் லாக்ல அந்த சிசிஇ வரி வெகுவா குறைஞ்சது. இன்னும் சண்டை நடக்கறது இந்த செமி பெர்சிஸ்டன்ட் ஆட்களை 100 பிளாக்ல எங்க உட்கார வைக்கறதுன்னுதான். நடுவுல வச்சா பெரிய அப்லோட் பண்றவருக்கு ஒட்டுன இடம் ரெண்டா உடைஞ்சு போகுது, பேண்டோட ஓரத்துல பியூசிசிஹெச் (போன் கன்ட்ரோல் சிக்னல் அனுப்பற சேனல்) பக்கத்துல ஒதுக்குன்னு நான் சொல்றேன், அங்க சிலருக்கு சேனல் மோசமா இருக்கேன்னு ரேடியோ டீம் சொல்றாங்க, அவங்க சொல்றதும் சரிதான், இப்போதைக்கு ஓரம்தான் போட்டிருக்கோம்.