மீக்கர் மலையில குதிரையில மூணு நாள், மரத்து மேல ஒரு மலைச்சிங்கம்

நேத்து ராத்திரிதான் டென்வர் திரும்பினேன், தொடை ரெண்டும் இன்னும் வலிக்குது, ஆனா சூட்டோட சூடா எழுதலன்னா பாதி விட்டுப்போயிடும். அமெரிக்காவோட கொலராடோ மாநிலத்துல மீக்கர்னு ஒரு சின்ன ஊரு, அங்க மாடும் ஆடும் வளர்க்கற ஒரு ராஞ்ச் குடும்பம் குதிரையில கூட்டிட்டுப் போய் மலைச்சிங்க வேட்டை நடத்துறாங்க. கூகர், பூமான்னு சொல்ற பெரிய பூனையெல்லாம் இதே மிருகம்தான். ஆபீஸ் நண்பன் புக் பண்ணியிருந்தான், நான் கூடப் போனேன், துப்பாக்கியத் தொடல.

முதல்ல போற வழியும் செலவும் சொல்லிடறேன். ஐ-70 ஹைவேல மேற்கே ரைஃபிள்ங்கற ஊர் வரைக்கும், அப்புறம் 13ஆம் நம்பர் ரோட்டுல வடக்கே, மொத்தம் நாலு மணி நேரம். பனிக்காலத்துல அந்த மலைரோட்டுல சரியான டயர் இல்லாம போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதனால ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேணும்னு ஒரு மாசம் முன்னாடியே வாடகைக்கு சொல்லி வச்சா, கவுன்டர்ல தேய்ஞ்ச டயரோட ஒரு குட்டிக் காரை நீட்டுறாங்க, மாத்திக் கேட்டா ஒரு நாளைக்கு 45 டாலர் எக்ஸ்ட்ராவாம்! அவங்க தப்புக்கு நான் ஏன் அழணும்? அரை மணி நேரம் சண்டை போட்டும் கட்டிட்டுத்தான் வந்தேன், வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. வேட்டைக்கு நண்பன் குடுத்தது 6500 டாலர், லைசென்ஸ் தனி. கூடப் போற ஆளுக்கு ஒரு நாளைக்கு 200, சாப்பாடு படுக்கையோட.

அந்த சாப்பாட்டுக்கே 200 தகும். இரும்புச் சட்டியில மெதுவா வெந்த எல்க்ங்கற பெரிய மான் கறி, கூட சுடச்சுட ரொட்டி. ரெண்டாம் நாள் போன சீசன்ல அடிச்ச மலைச்சிங்கக் கறி போட்டாங்க, பன்றிக்கறி மாதிரியே இருந்துச்சு. இங்க அந்தக் கறியை வீணாக்கறது சட்டப்படி குத்தம். சாப்பிடும்போது வீட்டுத் தாத்தா ரூஸ்வெல்ட் கதை சொன்னார், 1901ல அமெரிக்கத் துணை ஜனாதிபதியா பதவி ஏத்துக்கறதுக்கு முன்னாடி தியோடர் ரூஸ்வெல்ட் இந்தப் பக்கம்தான் நாய்களோட வாரக்கணக்கா கூகர் வேட்டை ஆடினாராம்.

முதல் ரெண்டு நாள் சும்மா அலைச்சல். மூணாம் நாள் விடியற நேரம், ராத்திரி விழுந்த பனியில தாத்தாவோட மக சட்டுனு குதிரையை நிறுத்தி இறங்கினாங்க. கையுறையைக் கழட்டி விரல் வச்சுக் காட்டினாங்க: நாய்த்தடம்னா நகம் பதியும், இதுல நகமே இல்ல, பின்பக்க மெத்தையில மூணு மடிப்பு. கூட வந்த ஏழு வேட்டை நாயையும் அவுத்து விட்டாங்க, எட்டுக்கு மேல விடக்கூடாதுன்னு சட்டம். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரம், ஜூனிபர் கிளை முகத்துல அடிக்க, வழுக்கற சரிவுல குதிரையோட பிடரியைப் பிடிச்சுக்கிட்டு ஏறினேன், குதிரை மூக்கு மயிரெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடந்துச்சு. திடீர்னு நாய்ச் சத்தம் மாறிச்சு, இழுத்து ஊளையிட்டது போய் விடாம வெட்டி வெட்டிக் குரைக்குது, சிங்கம் மரம் ஏறிடுச்சுன்னு அர்த்தம்.

அது ஒரு பைன் மரத்துல படுத்துக்கிட்டு எங்களையே பாத்துச்சு, வால் நுனி கருப்பு மட்டும் கீழ அசையுது. நண்பன் துப்பாக்கியோட நிக்கறான். அந்தம்மா பத்து நிமிஷம் பைனாகுலர்லயே பாத்தாங்க, ஆணா இருந்தா வாலுக்குக் கீழ நாலஞ்சு இஞ்ச் தள்ளி ஒரு கருப்புப் பொட்டு தெரியுமாம். இல்ல. பெண். குட்டியோட இருக்கற தாயைத்தான் சுடக்கூடாதுன்னு சட்டம், ஆனா குட்டியை எங்கயாவது ஒளிச்சு வச்சுட்டும் வந்திருக்கலாம், அதனால இவங்க வீட்டுல பெண்ணையே சுடறதில்ல. நண்பன் ஒண்ணும் பேசல, தோட்டாவை வெளிய எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டான். 6500 டாலர்! அந்த நிமிஷம் அவன் மேல எனக்கு வந்த மரியாதை கொஞ்ச நஞ்சமில்ல.

2024ல இந்த வேட்டையையே தடை பண்ணணும்னு கொலராடோவுல ஓட்டெடுப்பு நடந்து தோத்துப்போச்சு. எனக்கு ஓட்டு இல்ல, இருந்திருந்தா தடைக்குத்தான் போட்டிருப்பேன், நாயை விட்டு மரத்துல ஏத்தி சுடறது அநியாயம்னு நினைச்சவன் நான். ஆனா மரத்துல ஏறினதாலதான் நின்னு பாத்து அதை விட்டுட்டு வர முடிஞ்சுது, இதை நேர்ல பாக்காம எனக்கு விளங்கியிருக்காது.

போறதா இருந்தா புதுப்பனி விழற டிசம்பர், ஜனவரியில போங்க, ஒரு மாசம் முன்னாடியே குதிரை பழகிக்கோங்க, டிப்ஸுக்கு காசு தனியா எடுத்து வச்சுக்கோங்க. நான் 150 குடுத்தேன், இன்னும் குடுத்திருக்கணும்.