மூன்று பிளான்களும் ஒரு தோளும்

மதுரையில் வேலை பார்த்தபோது, கதிர்வீச்சு சிகிச்சையை நோயாளிகள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ, இது நடந்த காலத்தில், கரண்ட் என்றாலே லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து நிறுத்தும் மின்வெட்டுதான்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த தாத்தா, அவருடைய ஆயாவிடம் கற்ற தமிழை நிதானமாகப் பேசுவார். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கட்டி. நடுமார்பு நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது. இளவயதில் வந்த காசநோய் இடது நுரையீரலில் தழும்பு விட்டுப் போயிருந்தது. இந்த நாட்டு ஸ்கேன்களில் அடிக்கடி பார்க்கும் தழும்புதான்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்றே நாளில் முடித்தார்களே என்று மருமகளுக்குக் குறை. அது எஸ்பிஆர்டி, குறிபார்த்து அதிக அளவைச் சில தடவைகளிலேயே கொடுத்து முடிக்கும் முறை. நுரையீரலின் ஓரமாக இருக்கும், நெறிக்கட்டிக்குப் பரவாத சின்னக் கட்டி என்றால் 3 தடவையில் 54 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்துவிடலாம். தாத்தாவுக்கு 30 தடவை, மொத்தம் 60 கிரே. கூட்டிக் கொடுத்தால் என்ன என்பதையும் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில் பார்த்துவிட்டார்கள். 74 கிரே வாங்கியவர்கள்தான் சீக்கிரம் இறந்தார்கள்.

கதிரை எந்தக் கோணத்தில் எவ்வளவு கொடுப்பது என்று மூன்று பிளான் போட்டேன். பழைய முப்பரிமாண முறையில், 20 கிரேக்கு மேல் வாங்கும் நுரையீரலின் பங்கு 35 சதவீத எல்லையைத் தாண்டியது. பல கோணங்களிலிருந்து கதிரின் வலிமையை மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஐஎம்ஆர்டியும், மெஷின் சுற்றிக்கொண்டே அதைக் கொடுக்கும் விஎம்ஏடியும் அதற்குள் அடங்கின. ஆனால் சாரல் அடித்தது போல 5 கிரே நல்ல நுரையீரலெங்கும் பரவியது. தழும்புள்ள நெஞ்சுக்கு இது தாங்குமா என்று டாக்டர் கேட்டார். அந்த அமெரிக்க ஆய்விலேயே கடுமையான நுரையீரல் அழற்சி பழைய முறையில் 7.9 சதவீதம், ஐஎம்ஆர்டியில் 3.5. அந்தச் சாரலுக்கும் அழற்சிக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை. சரி, பழைய முறை வேண்டாம்.

மற்ற இரண்டும் திரையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐஎம்ஆர்டி கொஞ்சம் அழகாகவே இருந்தது, எனக்கு அதன்மேல் ஆசை. ஸ்கேன் எடுத்த அன்று தாத்தாவைப் பார்த்திருக்காவிட்டால் அதையே கொடுத்திருப்பேன். இரு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடியைப் பற்றியிருந்தார். ஐந்தாவது நிமிடத்தில் வலது கட்டைவிரல் நடுங்கியது, பிறகு முழங்கையே மெல்லச் சரிந்தது. தோள் நகர்ந்தால் நெஞ்சும் நகரும். ஏற்கெனவே கட்டி மூச்சுக்கு மூச்சு ஒரு சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. எங்கள் மெஷினில் ஐஎம்ஆர்டிக்குக் கால்மணி நேரம், விஎம்ஏடிக்கு நாலு நிமிடம். விஎம்ஏடியையே கொடுத்தேன்.

பதினோராம் நாள், இரண்டாவது சுற்றின் பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே வந்துவிட்டாலும் மெஷின் தயாராக நேரம் பிடிக்கும், மறுபடி படமெடுத்துத்தான் விட்ட கோணத்திலிருந்து தொடர முடியும். உள்ளே ஓடினேன். அரையிருட்டில் தாத்தா கையை இறக்காமல் கிடந்தார்.

"இறக்கிக்கோங்க தாத்தா."

"முடிஞ்சிட்டுதா தம்பி?"

"இன்னும் பாதிச் சுத்து இருக்கு."

"அப்போ இருக்கட்டும்" என்றார். நடுங்கிய கட்டைவிரலை மெதுவாகப் பிடியிலிருந்து பிரித்து, நான்தான் இறக்கிவிட்டேன்.