பீடி உண்டா?

ஜனவரி 3, வெள்ளி

மாடிப்படி பதினாறு. ஒன்பதாவதில் நின்றுவிட்டேன். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். மகள் கவனிக்கவில்லை.

ஜனவரி 4, சனி

பீடி உண்டா என்று சீட்டு எழுதுகிற பையன் கேட்டான். நர்சம்மா கேட்டார். டாக்டரும் கேட்டார். இல்லை. சிகரெட்? இல்லை. முன்னால எப்பவாவது? இல்லைங்க சார். 26 வருஷமாக ஆட்டோவோடு எந்த ரோட்டில் நிற்கிறாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

ஊதிப் பார்க்கிற மிஷின் ரிப்பேராம். 20-ஆம் தேதி வரச் சொன்னார்கள். அதுவரை மூச்சு மருந்து இழுக்கிற நீல பம்பு.

ஜனவரி 6

விடியக்காலை நாலரைக்குச் சவாரி, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு. ஏ.வி. பாலத்தில் போகும்போது பார்த்தேன், யாரோ குப்பை கொளுத்திய புகை மேலே போகாமல் வைகை மேல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. மார்கழிக் குளிரில் தரையை ஒட்டிய காற்று கனத்துப் படுத்துவிடும், மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்று அதை மூடிவிடும் என்று மகள் சொன்னாள். அந்த மூடிக்குள்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பின்சீட்டில் ஒரு மூட்டை மல்லி. இந்த மாசம் வரத்து கிடையாது, விலை கேட்டால் தலை சுற்றும். பூக்காரம்மா மூட்டையைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்திருந்தார். "வண்டியே மணக்குதுல்ல தம்பி?" என்றார். ஆமாம்மா என்றேன். எனக்கு டீசல் வாடைதான் வந்தது.

ஜனவரி 8

துண்டு கருப்பு.

ஜனவரி 9, வியாழன்

தூக்கம் இல்லை. மகள் போனில் காட்டியதே ஓடிக்கொண்டிருக்கிறது. பிஎம் 2.5 என்கிற தூசு தலைமுடிப் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காதாம். மூக்குமயிர் தடுக்காது, என் துண்டும் தடுக்காது, நுரையீரலின் கடைசிப் பைவரை போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியென்றால் துண்டில் கருப்பாகத் தெரிவது பெரிய தூசுதான். தெரியாதது உள்ளே.

ஒரு நாள் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம்வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 15 என்று வைத்தது. நாலு மடங்கு. நமக்கென்ன நெஞ்சைத் தகரத்திலா அடித்திருக்கிறது?

ஆனால் என் வண்டியும் டீசல்தான். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 11

பம்பை இத்தனை நாளும் தப்பாக அடித்திருக்கிறேன். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, அமுக்கும்போதே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்துவைக்க வேண்டுமாம். நான் சென்ட் அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டில் வண்டிக்குப் பின்னால் போய் மறைந்து அடித்தேன். "என்ன மாப்ள, காலையிலேயே குவார்ட்டரா?" என்றான் பக்கத்து வண்டிக்காரன். சிரித்துவைத்தேன். அதுவே தேவலை.

ஜனவரி 13, போகி

தெருமுனையில் டயர். வேண்டாம்ப்பா என்றேன். வருஷத்துக்கு ஒருநாள்தானேண்ணே.

ஜனவரி 14

அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்கு ஆறு நடை. நல்ல காசு. வாயெல்லாம் மண்.

ஜனவரி 17

கோரிப்பாளையத்தில் பாலத்துக்குத் தோண்டிப் போட்ட மண்ணும் பஸ் புகையும் சேர்ந்து அடிக்கிறது. நடுவில் நிற்கிற போலீஸ்காரம்மா துணி மாஸ்க்கை இறக்கிவிட்டு இருமினார். இருமி முடித்துக் கையைக் காட்டினார், நாங்கள் போனோம். அவரிடமும் பீடி உண்டா என்று கேட்பார்களோ?

ஜனவரி 19

நாளைக்கு அந்த மிஷினில் ஆறு செகண்டாவது விடாமல் ஊத வேண்டுமாம். அப்புறம் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வார்களாம். முதல் செகண்டில் வெளியே வருவது மொத்த மூச்சில் எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. மருந்துக்குப் பிறகும் 0.70-க்குக் கீழேயே நின்றால் சரியில்லை. வீட்டில் ஊதிப் பார்த்தேன். நாலில் இருமல்.

படி இன்று ஏழாவது.

ஜனவரி 20, திங்கள்

காலையில் பம்பு அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். டோக்கன் 41. இப்போது 18 ஓடுகிறது. முன்வரிசையில் இரண்டு காக்கிச் சட்டை. காலரைப் பார்த்தேன்.