இரண்டாம் தலைமுறை ப்ரியஸ்: வளைவில் நம்பிக்கையாகத் திரும்ப எதை முதலில் மாற்றுவது?

2003 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸைப் (என்எச்டபிள்யூ20) பற்றி வருகிற புகார்கள் பெரும்பாலும் மூன்றுதான். வேகச் சாலையில் வண்டி நேராகப் போகாமல் லேசாக அலைகிறது, பக்கக் காற்றடித்தால் ஒதுங்குகிறது, வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளிப்பக்கம் தள்ளுகிறது. மூன்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால் பலர் முதலில் வாங்குவது வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை. அது கடைசியாகச் செய்ய வேண்டியது. டயரும் தேய்ந்த பாகங்களும் முதலில், பிறகு முன்பக்க அடித்தட்டு (வண்டிக்கு அடியில் பூட்டும் விறைப்புத் தகடு), அதன்பின் பின்பக்க ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி). இந்த மூன்றோடு பெரும்பாலோருக்கு வேலை முடிந்துவிடும்.

வண்டியின் எடை சுமார் 1,310 முதல் 1,330 கிலோ. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக் கொடுக்கும் குறுக்குச் சட்டமான டார்ஷன் பீம். எஞ்சின், இரண்டு மோட்டார்கள், இன்வெர்ட்டர் எல்லாம் முன்னால் இருப்பதால் கனமும் அங்கேதான். கம்பெனி கொடுத்த 185/65 ஆர்15 டயர் எரிபொருள் சிக்கனத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. கனம் முன்னால், டயர் ஒல்லி. மூக்கு தள்ளுவதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

எதையும் வாங்குமுன் வண்டியைத் தூக்கிப் பாருங்கள். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையின் ரப்பர்), பால் ஜாயின்ட், டை ராட் முனை, ஸ்டெபிலைசர் லிங்க், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இருபது ஆண்டை நெருங்கும் வண்டியில் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ் வெடித்திருப்பது சாதாரணம். அது வெடித்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகர்ந்து டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், ஸ்டியரிங் அலையும். அந்த நிலையில் எந்த பாரைப் பூட்டினாலும் பயனில்லை.

இனி டயர். ஒரே 15 அங்குல வீலில் 195/60 ஆர்15 போடலாம். பழைய டயரின் விட்டம் 621.5 மி.மீ., இதன் விட்டம் 615 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சதவீதம் என்பதால் ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. பக்கச்சுவர் சற்றுக் குட்டை என்பதால் திருப்பும்போது மடங்குவதும் குறையும். கிடைக்கிறதே என்று 195/65 ஆர்15 போட்டால் விட்டம் 634.5 மி.மீ. ஆகி இரண்டு சதவீதம் கூடும். ஓடும், ஆனால் கையாளுதலுக்காக அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை. லோடு இண்டெக்ஸ் 88க்குக் குறையக் கூடாது, அதாவது டயருக்கு 560 கிலோ. 17 அங்குல வீலுக்குத் தாவுகிறவர்கள் 215/45 ஆர்17 போடுவார்கள். விட்டம் 625 மி.மீ. என்று பொருந்தினாலும் பெரும்பாலும் வீலும் டயரும் கனம் கூடியவை. மைலேஜ் குறையும், பள்ளத்தில் ரிம் அடி வாங்கும். வேறு வீல் வாங்கினால் போல்ட் வட்டம் 5×100, நடுத்துளை 54.1 மி.மீ., நட்டு எம்12×1.5 என்பதை மறக்க வேண்டாம். நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்கான வளையம் போட்டே பூட்ட வேண்டும். இல்லையென்றால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். வீல் நட்டின் இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர்.

காற்று அழுத்தம் கம்பெனி சொல்வது முன்னால் 35, பின்னால் 33 பி.எஸ்.ஐ. மைலேஜுக்காக 42/40 வைக்கிறவர்கள் பலர். அப்போது ஸ்டியரிங் கூர்மையாகத் தெரியும், ஆனால் கரடுமுரடான சாலையில் டயர் குதித்து ஒட்டாமல் போகும். டயரின் மேல் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் 38/36 வைப்பது என் தேர்வு. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே அந்த 2 பி.எஸ்.ஐ. வித்தியாசத்தை மட்டும் காப்பாற்றுங்கள்.

நல்ல டயர் ஹைபிரிட்டுக்கு இன்னொரு விதத்திலும் தேவை. ஒரு முன்சக்கரம் வழுக்கினால் அதோடு இணைந்த மோட்டாரும் சட்டென்று வேகமெடுக்கும். மோட்டாரையும் கியர் தொகுதியையும் காப்பாற்ற வண்டி உடனே சக்தியைக் கடுமையாகக் குறைக்கும். ஈரச் சாலையில் வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி செத்தது போல் நிற்பது இதனால்தான். இதை எந்த பாரும் தீர்க்காது, டயர்தான் தீர்க்கும்.

பாகங்களில் கை வைக்குமுன் மின்சாரம். மின்கலத் தொகுதி 201.6 வோல்ட், பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து ஆரஞ்சு நிறக் கேபிள்கள் தரைக்கு அடியில் முன்னால் வருகின்றன. ஜாக்கியையோ ஸ்டாண்டையோ தரைத் தகட்டில் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பக்கச் சட்டத்தில் வெட்டு அடையாளம் இட்ட இடங்கள் மட்டுமே. வண்டி ரெடி நிலையில் (ஓடத் தயாராக) இருந்தால் சத்தமே வராது, எஞ்சின் தானாகக் கிளம்பவும் செய்யும். ஆகவே பவரை அணைத்து, ஸ்மார்ட் கீயை நாலைந்து மீட்டர் தள்ளி வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் விழித்துக்கொள்ளும் வண்டி இது. பிரேக்கின் அருகே கை இருக்கும்போது அது நடக்கக் கூடாது.

அந்த 12 வோல்ட் பேட்டரி பின்பக்கம் வலது மூலையில், பக்கப் பலகைக்குள் இருக்கிறது. பின்கதவின் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. முனையைக் கழற்றியபின் பின்கதவை மூடிவிட்டால், இருக்கையைத் தாண்டி உள்ளே தவழ்ந்துபோய் உட்புற நெம்பியைத் தேட வேண்டியதுதான். கதவைத் திறந்தே வைத்து, பூட்டின் மேல் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். இன்னொன்று, பவர் இல்லாதபோது கியர் ‘P’ (பார்க்) நிலையிலிருந்து வெளியே வராது. வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால் முன்கூட்டியே நகர்த்திக்கொள்ளுங்கள். ‘P’ பூட்டு முன்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும் என்பதால், முன்பக்கத்தைத் தூக்கும்போது காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக்கும் பின்சக்கரத்துக்குக் கட்டையும் அவசியம்.

முன்பக்க அடித்தட்டு எளிமையானது. முன் சப்ஃபிரேமுக்கு (எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்) பின்னால் இடது, வலது சட்டங்களை இணைக்கும் கனமான தகடு அது. வண்டியில் ஏற்கெனவே இருக்கிற துளைகளில் போல்ட் போட்டுப் பூட்டும்படி வருவதை வாங்குங்கள். புதிதாகத் துளை போடச் சொல்வது வேண்டாம். துளைகளின் மரையில் மண்ணும் துருவும் அடைந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, எல்லாப் போல்ட்டையும் கையால் முழுதாக ஏற்றிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். ஒன்றை முதலில் இறுக்கிவிட்டால் எதிர்மூலைப் போல்ட் கோணலாக ஏறி மரை அழியும். பூட்டுமுன் எஞ்சின் எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு வழி மிஞ்சுகிறதா என்று பிடித்துப் பாருங்கள். இந்தத் தகடு வளைவில் பிடிப்பைக் கூட்டாது. ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கும் அந்தத் தொளதொளப்பைத்தான் குறைக்கும். வேகச் சாலையில் நாள்தோறும் ஓட்டுகிறவருக்கு அதுவே பெரிய நிம்மதி.

செலவழித்த பணத்துக்கு அதிகம் திருப்பிக் கொடுப்பது பின்பக்க பார். டார்ஷன் பீம் வண்டியில் இதற்குத் தனி லிங்க் தேவையில்லை. பீமின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, பீம் முறுக்கும்போது தானும் முறுக்கி எதிர்ப்பதே அதன் வேலை. பின்பக்கம் சாய்வதை அது தடுத்தால், வளைவில் மாறும் சுமையில் கூடுதல் பங்கைப் பின் டயர்கள் எடுத்துக்கொள்ளும், முன் வெளிச்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் குறையும். மூக்கு தள்ளுவது அப்படித்தான் குறைகிறது. டொயோட்டாவின் பந்தய, செயல்திறன் பாகப் பிரிவான டிஆர்டியே இந்தத் தலைமுறைக்கு பார் விற்றது. மூன்றாம் தலைமுறைக்கு அமெரிக்காவில் வந்த ‘ப்ளஸ்’ பெர்ஃபார்மன்ஸ் தொகுப்பிலும் ஸ்பிரிங்கோடு பின்பக்க பார் இருந்தது.

பொருத்துவது ஒரு மணி நேர வேலை, ஆனால் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. பீமின் பெயின்ட்டுக்கு மேல் பிராக்கெட்டைப் போட்டால் பெயின்ட் நசுங்கி, நாலு நாளில் இறுக்கம் போய் ‘டொக் டொக்’ என்று தட்டும். ஆகவே 100 கி.மீ. ஓட்டியபின் ஒரு முறை, 500 கி.மீ.யில் இன்னொரு முறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். பார் சைலன்சர் குழாயையும் பிரேக் குழாயையும் தொடாமல் இருக்கிறதா என்பதைச் சக்கரம் தொங்கும்போதும், வண்டி தரையில் நிற்கும்போதும் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒன்றில் இடைவெளி இருக்கும், மற்றதில் இருக்காது. பீமில் துளை போடச் சொல்லும் கிட்டைத் தொடாதீர்கள். முறுக்கிக்கொண்டே இருக்கும் இரும்பில் துளை போட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

பார் தடிமன் கூடக்கூட நல்லது என்று நினைப்பது ஆபத்து. ப்ரியஸில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தவுடன் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கும், அந்த இழுவை முழுக்க முன்சக்கரங்களில் மட்டும் விழும். கியரின் ‘B’ (பிரேக்) நிலையில் இன்னும் அதிகம். வளைவின் நடுவே கால் எடுத்தால் சுமை முன்னால் பாய்ந்து பின்பக்கம் லேசாகும். பின்பக்கத்தை அளவுக்கு மீறி விறைப்பாக்கியிருந்தால் மழையில் வால் வெளியே வரும். கிட்டில் இரண்டு விறைப்பு நிலை இருந்தால் மென்மையான நிலையிலேயே தொடங்குங்கள். பின் டயர்கள் தேய்ந்திருந்தால், புதியது போடும்வரை பாரைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

ஸ்ட்ரட்டுகளின் தலையை இணைக்கும் மேல் பாரைப் பற்றி ஒரே வார்த்தை: விடுங்கள். ஒரு பக்கம் இன்வெர்ட்டரும் ஆரஞ்சுக் கேபிளும் நெருக்கமாக நிற்கின்றன, கிடைக்கும் பலன் அந்தச் சிரமத்துக்கு ஈடில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்பிரிங் வேண்டும் என்றால் 25 மி.மீ. தாழ்வே எல்லை. அதற்கு மேல் போனால் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்காமல் தடுக்கும் ரப்பர்) உட்கார்ந்தே வண்டி ஓடும், வேகத்தடையில் முன் அடிப்பலகை உரசும். குட்டை ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கோடு சேர்க்காதீர்கள், சேர்த்து மாற்றுங்கள். ஹைபிரிட்டில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. பிரேக் மிதித்திருக்கும்போது சக்கரம் பள்ளத்தில் குதித்தால், மோட்டார் பிரேக்கிங் நின்று எண்ணெய் பிரேக் ஏற்கும் அந்தக் கணத்தில் வண்டி முன்னால் பாய்வது போல் இருக்கும். மூன்றாம் தலைமுறையில் இதை ஒட்டிய ஏபிஎஸ் மென்பொருளுக்காக டொயோட்டா 2010 பிப்ரவரியில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சக்கரத்தைக் குதிக்கவிடும் சஸ்பென்ஷன் அந்தக் கணத்தை அடிக்கடி வரவழைக்கும்.

முன் ஸ்ட்ரட்டின் மூன்று மேல் நட்டுகள் வைப்பருக்குக் கீழே மறைந்திருக்கின்றன. கண்ணாடியில் டேப் ஒட்டி வைப்பர் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, வைப்பர் கைகள், பிளாஸ்டிக் கவுல் (கண்ணாடிக்குக் கீழே உள்ள மூடி), வைப்பர் மோட்டார், அதற்கடியில் உள்ள இரும்புத் தட்டு என்ற வரிசையில் கழற்ற வேண்டும். வேலையில் பாதி நேரம் இதிலேயே போகும். கீழே ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, ஸ்டெபிலைசர் லிங்க்கின் நடுத்தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றுங்கள். நக்கிளை (சக்கரம் பூட்டப்படும் இரும்புத் துண்டு) ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடாவிட்டால் ஆக்சில் ஷாஃப்ட் ஜாயின்ட் விலகிவிடும். ஸ்ட்ரட்டின் நடு நட்டை ஸ்பிரிங்கை அமுக்காமல் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. இரண்டு பக்கமும் சமமாக அமுக்கும் கம்ப்ரெசர் இல்லையென்றால் அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள். திரும்பப் பூட்டும்போது மேல் நட்டு 39, லிங்க் நட்டு 74, ஸ்ட்ரட்டை நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட் 153 நியூட்டன் மீட்டர். பின் பீமின் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

அலைன்மென்ட் கட்டாயம். முன்னால் சரிசெய்ய முடிவது டோ மட்டுமே. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) வேண்டுமானால் மெலிந்த நடுவுள்ள கேம்பர் போல்ட் தனியாக வாங்க வேண்டும். இரண்டு டை ராடையும் சம அளவு திருப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிவிட்டு, ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேராக மாட்டும் கடைகள் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்டியரிங் கோண சென்சார் நேர் என்று நினைப்பது நேராக இருக்காது, வண்டி வழுக்காமல் காக்கும் விஎஸ்சி தேவையில்லாமல் தலையிடும். விஎஸ்சி விளக்கு எரிந்தபடி இருந்தால் டொயோட்டாவின் சோதனைக் கருவியான டெக்ஸ்ட்ரீமில் பூஜ்ய நிலை அளவீடு செய்ய வேண்டும். எச்ஐடி (செனான்) முகப்பு விளக்குள்ள வண்டியில், பின் சஸ்பென்ஷனோடு இணைந்த உயர சென்சாரும் உண்டு. தாழ்த்தியபின் அதையும் புதிதாக அளவிடாவிட்டால் விளக்கொளி தவறான உயரத்தில் விழும். இரவில் ஒரு சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.