தலையில் இரண்டு புள்ளிகள்

பிரெஞ்சு மொழியில் 'ஆனால்' என்ற சொல்லை 'மே' என்று ஒலிப்பார்கள். அதே எழுத்துகளை அதே வரிசையில் எழுதி, நடுவிலுள்ள இரண்டு உயிரெழுத்துகளில் இரண்டாவதன் தலையில் மட்டும் இரண்டு புள்ளிகளை இட்டுவிட்டால், அது 'மாயிஸ்' என்று ஒலித்து மக்காச்சோளத்தைக் குறிக்கும். பிரெஞ்சில் 'திரேமா' எனப்படும் இக்குறியின் வேலை, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு உயிர்களை ஒன்றாக்கிவிடாமல் தனித்தனியே ஒலிக்கும்படி வாசகருக்குச் சொல்வதுதான். இதன் கிரேக்கப் பெயரான 'தியாயிரெசிஸ்' என்பதற்கும் பிரித்தல் என்றே பொருள்.

ஜெர்மன் எழுத்திலும் இதே போன்ற புள்ளிகளைக் காணலாம். ஆனால் அவை உயிரெழுத்தின் மேல் சிறிதாக எழுதப்பட்ட 'எ' என்பதன் எச்சம். உயிரின் ஒலியையே மாற்றுபவை, பிரிப்பவை அல்ல. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பரவலான பிழை.

ஆங்கிலத்தில் இக்குறி ஏறக்குறைய மறைந்துவிட்டது. 'கோ-ஆபரேட்' என்ற சொல்லின் இரண்டாம் 'ஓ'வின் மேல் பிடிவாதமாகப் புள்ளி வைத்துவரும் 'நியூயார்க்கர்' இதழின் ஆசாரம் எனக்குப் பிடித்தமானது. பிரேசிலோ 2009-இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தின்படி, அயற்பெயர்கள் நீங்கலாக, இதைக் கைவிட்டது.

தமிழுக்கு இத்தகைய குறி தேவைப்படவில்லை. மணி, அடித்தது என்னும் சொற்கள் சேரும்போது இடையில் யகரமும், பூ, அழகு சேரும்போது வகரமும் உடம்படுமெய்யாக வந்து நின்றுவிடுகின்றன. மேலே 'மாயிஸ்' என்று நான் எழுதியபோதும், பிரெஞ்சில் இல்லாத அந்த யகரம் கேளாமலே வந்து சேர்ந்துகொண்டது.